உண்டீர்களா என்னும் கேள்வி

வெளியூர் செல்லும் பயணியையும் அவ்வூரில் வாழும் குடும்பம் ஒன்றையும் முன்கூட்டியே தொடர்புபடுத்தி, அக்குடும்பத்தாருடன் அமர்ந்து வீட்டுச் சமையலை உண்பதற்கு வழிசெய்து தரும் அமைப்புகள் இன்று பல நாடுகளில் இயங்கி வருகின்றன. நம் நாட்டிலும் குடகு, கேரளம், குமாவோன், சிக்கிம், லடாக் முதலிய பகுதிகளில் ஏராளமான குடும்பங்கள் தம் இல்லங்களைப் பயணிகளுக்குத் திறந்து வைத்துள்ளன. மத்திய அரசின் சுற்றுலா அமைச்சகம், அதிதியைத் தெய்வமாகப் போற்றும்படி கூறும் உபநிஷத வாக்கியத்தையே பெயராகச் சூட்டி 2005-ஆம் ஆண்டில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது.

இவற்றைக் காணும் ஆன்மீக நாட்டமுடைய அன்பர்களின் உள்ளத்தில் சில ஐயங்கள் எழுவது இயல்பே. அன்னத்தை விலைக்குக் கொடுப்பது தகுமா? பணம் தந்து உண்பவன் அதிதி ஆவானா? முன்பின் அறியாதவரை வீட்டிற்குள் அழைப்பது இக்காலத்தில் விவேகமான செயலா? இவற்றிற்கு விடை காண வேண்டுமானால், அதிதி தர்மம் என்று நம் முன்னோர் எதனைக் கருதினார்கள் என்பதை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அதிதி யார்?

'திதி' என்றால் நாள். வருவதற்கென்று குறித்த நாள் இல்லாதவன் அதிதி. ஓரிரவு மட்டும் தங்கிச் செல்பவனே அதிதி என்று மனுஸ்மிருதி இலக்கணம் வகுக்கிறது. உறவினர், நண்பர், அழைப்பின் பேரில் வருபவர் ஆகியோரும் உபசரிக்கத் தக்கவர்களே. ஆயினும், சாஸ்திரம் தனிச் சிறப்புடன் பேசும் அதிதி, எதிர்பாராமல் வந்து வாசலில் நிற்கும் வழிப்போக்கனே ஆவான்.

அறிமுகமில்லாத இந்த மனிதனுக்கு ஏன் இத்தனை உயர்வு? உறவினருக்கு இன்று நாம் விருந்து படைத்தால் நாளை அவர் நமக்குப் படைப்பார். நண்பருக்குச் செய்த உபசாரம் ஏதேனும் ஒரு வடிவில் திரும்பி வந்துவிடும். வழிப்போக்கனோ நாளை காலையில் போய்விடுவான்; அவனை மீண்டும் காண்போமா என்பதே நிச்சயமில்லை. கைம்மாறு செய்ய இயலாதவனுக்கு, உரிய இடத்தில், உரிய காலத்தில், கடமை என்ற உணர்வுடன் தரப்படுவதே சாத்விக தானம் என்று பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் கூறுகிறது. அத்தகைய தானத்திற்கான வாய்ப்பை இல்லறத்தானின் வாசலுக்கே கொண்டுவந்து சேர்ப்பவன் வழிப்போக்கன். இல்லறத்தான் நாள்தோறும் செய்ய வேண்டிய ஐந்து பெருவேள்விகளுள் மனித வேள்வி ஒன்றாக வைக்கப்பட்டிருப்பதன் பொருள் இதுவே.

தைத்திரீய உபநிஷதத்தின் பிருகுவல்லி இக்கடமையை ஒரு விரதமாகவே விதிக்கிறது. இருப்பிடம் தேடி வந்த எவரையும் மறுக்கலாகாது. அதற்காகவே இல்லறத்தான் உணவை மிகுதியாக ஈட்டி வைத்திருக்க வேண்டும். வருபவரிடம் உணவு ஆயத்தமாக உள்ளது என்று சொல்லக்கூடிய நிலையில் அவன் எப்போதும் இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. செல்வம் ஈட்டுவதைக் கண்டிக்காமல், அது எதற்காக என்பதை உபநிஷதம் இங்கே உணர்த்துகிறது.

கடோபநிஷதத்திலோ, எமனே ஒரு சிறுவனிடம் பணிந்து நிற்கிறான். எமன் வீட்டில் இல்லாத வேளையில் வந்த நசிகேதன் மூன்று இரவுகள் உணவின்றிக் காத்திருக்கிறான். திரும்பி வந்த எமன், தன் இல்லத்தில் அதிதி பட்டினி கிடந்ததற்காக வணங்கி வருந்தி, மூன்று இரவுகளுக்கு ஈடாக மூன்று வரங்களை அளிக்கிறான். ஆத்ம வித்தையை உலகிற்கு வழங்கிய அந்த உரையாடல், பசித்திருந்த அதிதியிடம் ஓர் இல்லத் தலைவன் மன்னிப்பு வேண்டுவதில் தொடங்குகிறது என்பது ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது.

கேட்கக் கூடாத கேள்வி

அதிதி தர்மத்தில் இருவருக்கும் கட்டுப்பாடு உண்டு. அதிதியிடம் கோத்திரம், சாகை, கல்வி ஆகியவற்றை விசாரிக்கலாகாது என்று பராசர ஸ்மிருதி இல்லறத்தானுக்குக் கட்டளையிடுகிறது. உணவு பெறும் பொருட்டுத் தன் குலத்தையும் கோத்திரத்தையும் எடுத்துச் சொல்லலாகாது என்று மனுஸ்மிருதி அந்தணனான விருந்தினனுக்குக் கட்டளையிடுகிறது; அவ்வாறு சொல்லி உண்பவனை மிகக் கடுமையான சொல்லால் இழித்தும் பேசுகிறது. கொடுப்பவன் கேட்கக் கூடாது. பெறுபவன் சொல்லக் கூடாது. இவ்விரண்டும் கடைப்பிடிக்கப்படும்போது, பசித்த ஒரு மனிதனும் உணவுள்ள மற்றொரு மனிதனும் மட்டுமே அங்கு எஞ்சுகின்றனர்.

ஆனால் நடைமுறை வாழ்வில் இவ்விதிகளைச் சாதிக் கட்டுப்பாடு விழுங்கிவிட்டது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. யார் கையால் உண்பது, யாருடன் அமர்ந்து உண்பது, யாரைத் திண்ணையோடு நிறுத்துவது என்பவையே தர்மம் என்று எண்ணப்பட்ட காலம் நெடியது. அது முற்றிலும் மறைந்துவிட்டது என்றும் நம்மால் கூற இயலாது. இந்நிலையில்தான் சுவாமி விவேகானந்தரின் பரிவிராஜக வாழ்க்கை நமக்குப் பெரும் பாடமாக அமைகிறது.

மூன்று நாட்கள் எழாத கேள்வி

பாரதம் முழுவதும் சுற்றித் திரிந்த அந்த ஆண்டுகளில், சுவாமிஜி ராஜஸ்தானத்தில் ஒரு ரயில் நிலையத்தில் தங்க நேர்ந்தது. மக்கள் திரள் திரளாக வந்து கேள்விகள் கேட்டனர்; சுவாமிஜியும் சலிக்காமல் விடையளித்தார். இவ்வாறு மூன்று நாட்கள் கழிந்தன. அவர் உண்டாரா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் இரவு, எல்லோரும் சென்ற பிறகு, தாழ்த்தப்பட்ட குலத்தைச் சேர்ந்த ஏழைச் செருப்புத் தொழிலாளி ஒருவர் தயங்கியபடி அருகில் வந்தார். மூன்று நாட்களாகத் தண்ணீர்கூட அருந்தாமல் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டு தம் உள்ளம் வருந்துவதாகக் கூறினார்.

உண்பதற்கு ஏதேனும் தருவீர்களா என்று சுவாமிஜி கேட்டார். தம் கையால் செய்த ரொட்டியைத் துறவிக்கு எப்படித் தருவது என்று அவர் அஞ்சினார். மாவும் பருப்பும் கொண்டுவந்து தருவதாகவும், சுவாமிஜியே சமைத்துக்கொள்ளலாம் என்றும் கூறினார். செய்தி மன்னருக்கு எட்டினால் தண்டனை கிடைக்கும் என்ற பயமும் அவருக்கு இருந்தது. சுவாமிஜி அவருக்குத் தைரியம் கூறி, அவர் சமைத்த உணவையே கொண்டுவரச் செய்து உண்டார். இத்தகைய உயர்ந்த உள்ளங்கள் எளிய குடிசைகளில் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன, நாமோ அவர்களை இழிந்தவர்கள் என்று ஒதுக்குகிறோம் என்று பின்னாளில் அவர் வேதனையுடன் நினைவுகூர்ந்தார்.

இந்நிகழ்ச்சியில் நம்மைப் போன்றோருக்கு ஓர் எச்சரிக்கை உள்ளது. அந்த மூன்று நாட்களும் அங்கு வந்தவர்கள் தீயவர்கள் அல்லர்; தத்துவ ஆர்வம் மிக்கவர்கள்தாம். பிரம்மத்தைப் பற்றிக் கேட்ட அவர்களுக்கு எதிரில் அமர்ந்திருந்தவரின் பசி தெரியவில்லை. எழுதப் படிக்க வாய்ப்பின்றி வாழ்ந்திருக்கக்கூடிய அந்த எளியவருக்கு அது தெரிந்தது. சத்சங்கத்திற்கும் சொற்பொழிவுக்கும் தவறாமல் செல்லும் நாம், இந்த இருவரில் எவருடைய வரிசையில் நிற்கிறோம் என்பதை நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

1891-ஆம் ஆண்டு ஆல்வாரில் சுவாமிஜி தங்கியிருந்தபோது, அங்குள்ள பள்ளியில் உருது, பாரசீக மொழிகள் கற்பித்த மௌல்வி ஒருவர் அவருக்குத் தம் இல்லத்தில் உணவளிக்க விரும்பினார். பிராமணர்களைக் கொண்டு வீட்டைத் தூய்மை செய்வதாகவும், அவர்கள் வீட்டுப் பாத்திரங்களிலேயே அவர்களைக் கொண்டு சமைக்கச் செய்வதாகவும், சுவாமிஜி உண்பதைத் தூரத்திலிருந்து கண்டாலே தமக்குப் போதும் என்றும் அவர் பணிவோடு வேண்டினார். தம் வீட்டிலேயே தொலைவில் நிற்க முன்வந்த அவரது அன்பு, சுவாமிஜி தங்கியிருந்த இல்லத்தின் தலைவரை நெகிழச் செய்தது. துறவிக்கு இத்தகைய கட்டுப்பாடுகள் இல்லை என்று அவர் கூறினார். சுவாமிஜி மௌல்வியின் இல்லம் சென்று உண்டார். அதன்பின் வேறு பல முஸ்லிம் அன்பர்களும் அவரைத் தம் இல்லங்களுக்கு அழைத்தனர். ஒரு வீட்டில் ஏற்றுக்கொண்ட உணவு பல வீடுகளின் தயக்கத்தைப் போக்கிற்று.

டியர்பார்ன் வீதியில் திறந்த கதவு

1893 செப்டம்பரில் சர்வமத மகாசபை தொடங்குவதற்கு ஓரிரு நாட்கள் முன்னர் சிகாகோ வந்து சேர்ந்த சுவாமிஜி, செல்ல வேண்டிய அலுவலகத்தின் முகவரியைத் தொலைத்துவிட்டார். இரவை ரயில் நிலையப் பகுதியிலேயே கழித்தார். மறுநாள் காலை, சந்நியாசிக்குரிய முறைப்படி வீடு வீடாகச் சென்று உணவும் வழியும் கேட்டார். அழுக்கடைந்த உடையும் களைத்த தோற்றமும் கொண்ட அயல்நாட்டவரைக் கண்டு பணக்கார வீடுகளின் கதவுகள் அடைபட்டன. ஈசனின் சித்தம் என்று அவர் வீதியோரத்தில் அமர்ந்துவிட்டார்.

எதிரில் இருந்த வீட்டின் கதவு திறந்தது. திருமதி ஹேல் வெளியே வந்து, சர்வமத மகாசபைக்கு வந்த பிரதிநிதியா என்று அவரிடம் விசாரித்தார். விவரம் அறிந்ததும் உள்ளே அழைத்துச் சென்று, இளைப்பாறவும் உண்ணவும் ஏற்பாடு செய்து, பின்னர் தாமே அலுவலகத்திற்கு அழைத்துச் சென்றார். செப்டம்பர் 11 அன்று சுவாமிஜி நிகழ்த்திய சொற்பொழிவை உலகம் அறியும். அதற்கு முன்னால் ஓர் இல்லத்தரசி அளித்த காலை உணவு இருந்தது என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். பிற்காலத்தில் அந்த வீடு சுவாமிஜிக்குச் சொந்த வீடு போலவே ஆயிற்று.

திருமதி ஹேலும் ஒரு கேள்வி கேட்டார் என்பது உண்மை. ஆயினும், அது அவரை வாசலிலிருந்து அகற்றுவதற்காகக் கேட்கப்பட்டதன்று, உதவுவதற்காகக் கேட்கப்பட்டது. விசாரணை எதுவுமே கூடாது என்பது சாஸ்திரத்தின் கருத்தன்று. உணவை மறுப்பதற்குக் காரணம் தேடும் விசாரணையைத்தான் அது தடுக்கிறது.

யாருடைய பங்கு?

கர்மயோகச் சொற்பொழிவுகளில் சுவாமிஜி எடுத்துக்கூறும் மகாபாரதக் கதை ஒன்றை அன்பர்கள் அறிவீர்கள். யுதிஷ்டிரரின் பெருவேள்வி நடந்த இடத்திற்குப் பாதி உடல் பொன்னான கீரி ஒன்று வருகிறது. பஞ்ச காலத்தில் ஏழை அந்தணர் ஒருவரின் குடும்பம் தம்மிடமிருந்த சிறிதளவு வாற்கோதுமை மாவை அதிதிக்கு அளித்த இடத்தில் புரண்டபோது தன் பாதி உடல் பொன்னாயிற்று என்றும், மறு பாதியைப் பொன்னாக்க இந்த வேள்வியால் இயலவில்லை என்றும் அது கூறுகிறது.

இக்கதையில் நாம் பெரும்பாலும் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. அந்தணர் முதலில் தம் பங்கை மட்டுமே அதிதிக்குத் தருகிறார். பசி தீரவில்லை. மனைவி தன் பங்கைத் தர முன்வரும்போது அவர் ஏற்கத் தயங்குகிறார். மகனும் மருமகளும் முன்வரும்போதும் அவ்வாறே. அவரவர் மனமுவந்து வற்புறுத்திய பின்னரே அவர்களுடைய பங்கை எடுத்து அதிதிக்கு அளிக்கிறார். பிறர் பங்கைத் தானம் செய்ய இல்லத் தலைவனுக்கும் உரிமை இல்லை என்பது அந்தத் தயக்கத்தில் வெளிப்படுகிறது.

இன்றைய இல்லங்களில் நடப்பதென்ன? விருந்தினரை அழைப்பவர் ஒருவர். அடுப்படியில் நிற்பவர் வேறொருவர். உபசாரத்தின் புகழ் கூடத்தில் அமர்ந்திருப்பவருக்குச் சேர்கிறது. எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பவர் பெயரின்றி நிற்கிறார். அவரைக் கலந்துகொள்ளாமல் அவருடைய உழைப்பை நாம் அளிப்போமானால், பிறர் பொருளை எடுத்துத் தானம் செய்பவராகிறோம். அதிதி வேள்வி குடும்பம் முழுவதும் சேர்ந்து செய்யும் வேள்வி. காய் நறுக்குவதிலும் பரிமாறுவதிலும் பாத்திரம் துலக்குவதிலும் எல்லோருக்கும் பங்கு உண்டு.

அன்னை ஸ்ரீசாரதாதேவியாரின் வாழ்வில் இத்தர்மத்தின் முழுமையைக் காண்கிறோம். ஜெயராம்பாடியில் அன்னையின் இல்லத்தில் வேலை செய்த அம்ஜத் என்ற முஸ்லிமுக்கு அவரது சகோதரர் மகள் நளினி தூரத்தில் நின்று உணவை எறிவது போலப் பரிமாறினாள். அவ்வாறு தந்தால் எவரால் சுவைத்து உண்ண முடியும் என்று அன்னை அவளைக் கண்டித்து, தாமே அருகில் சென்று பரிமாறினார். அவன் உண்டபின் அந்த இடத்தையும் தம் கையாலேயே கழுவினார். சாதி போய்விடும் என்று நளினி பதறியபோது, துறவியான சரத்தைப் போலவே அம்ஜத்தும் தம் பிள்ளை என்று அன்னை உணர்த்தினார். உணவு ஒன்றுதான், அது எறியப்படுகிறதா, பரிமாறப்படுகிறதா என்பதைப் பொறுத்து அவமதிப்பாகவோ பூஜையாகவோ ஆகிவிடுகிறது.

விலை தந்து உண்பவன் அதிதியா?

இப்போது முதலில் எழுப்பிய ஐயத்திற்கு வருவோம். சாஸ்திரத்தின் கண்டிப்பான பொருளில், முன்பதிவு செய்து கட்டணம் செலுத்தி வருபவன் அதிதி அல்லன். அவனை உபசரிப்பது மனித வேள்வியாகவும் ஆகாது. அது நேர்மையான ஒரு வாழ்க்கைத் தொழில். இதில் இழிவு ஏதுமில்லை. மருத்துவர் கட்டணம் பெறுகிறார். ஆயினும் நோயாளியிடம் நாராயணனைக் காண அவருக்குத் தடையில்லை. நியாயமான விலையைப் பெற்று, தூய உணவை, மலர்ந்த முகத்தோடு அளிக்கும் குடும்பமும் கர்மயோகத்தைப் பயில முடியும்.

லடாக்கில் ஹெமிஸ் தேசியப் பூங்காவை ஒட்டி வாழும் மக்களை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய ஆடுகளைப் பனிச்சிறுத்தைகள் கொன்று வந்தன. சினமுற்ற மக்கள் அவற்றைக் கொல்ல முற்பட்டனர். 2000-களின் தொடக்கத்தில், மலையேறும் பயணிகளைக் கிராமத்து வீடுகளிலேயே தங்கவைத்து உணவளிக்கும் ஏற்பாடு அங்கு உருவாக்கப்பட்டது. பயணி சமையலறையில் அடுப்பைச் சுற்றி அமர்ந்து, கோதுமை மாவுத் துண்டுகளைக் காய்களோடு வேகவைத்த 'ஸ்க்யூ' போன்ற வீட்டு உணவையே உண்கிறார். எல்லாக் குடும்பங்களுக்கும் வாய்ப்புக் கிடைக்கும் பொருட்டு முறை வைத்துப் பயணிகள் அனுப்பப்படுகின்றனர். வருவாயில் ஒரு பகுதி இயற்கைப் பாதுகாப்புக்கான பொது நிதிக்குச் செல்கிறது. பனிச்சிறுத்தையைக் காண வரும் பயணியால் வருமானம் கிடைப்பதால், பகையாக இருந்த அந்த விலங்கு காக்கப்பட வேண்டியதாயிற்று. பணம் கைமாறும் இந்த ஏற்பாட்டில் அண்டை வீட்டாரின் நலமும் பிற உயிர்களின் நலமும் இடம்பெற்றுள்ளன. ஐம்பெரு வேள்விகளின் உட்பொருளான பகிர்ந்து வாழ்தல் இங்கு உயிரோடு இருக்கிறது.

குற்றம் பணம் பெறுவதில் இல்லை, கலப்படத்தில் இருக்கிறது. விலை பெற்றுக்கொண்டு அதனைத் தியாகம் போலக் காட்டுவது ஒரு கலப்படம். இலவசமாக உணவளித்துவிட்டு, உள்ளத்தில் புகழையும் நன்றியையும் எதிர்பார்ப்பது மற்றொரு கலப்படம். பின்னது நுட்பமானது, பக்தர்களாகிய நம்மிடம் அதிகம் காணப்படுவதும் அதுவே. அன்றியும், எவ்வளவு விருந்தினர்க்கு விலை பெற்று உணவளித்தாலும், விலை தர இயலாத ஒருவன் வாசலில் நிற்கும்போது அவனுக்கு என்ன செய்கிறோம் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

விவேகமும் அச்சமும்

அறியாதவரை அழைப்பது ஆபத்தல்லவா என்று கேட்கலாம். தனித்து வாழும் முதியவரும் பெண்களும் எச்சரிக்கையாக இருக்கத்தான் வேண்டும். வருபவரின் அடையாளச் சான்றைக் காண்பதும், வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் சட்டப்படி அரசுக்குத் தெரிவிப்பதும் கடமைகளே. தொடர்புபடுத்தும் அமைப்புகளின் உண்மையான பயன், இருவருக்கும் ஓரளவு பாதுகாப்பைத் தருவதில்தான் இருக்கிறது. வீட்டிற்குள் அழைக்க இயலாத நிலையில், வாசலிலேயே அமரச் செய்து உணவளிக்கலாம். உணவுப் பொட்டலம் தரலாம். கதவைத் தாழிட்டிருக்கும் போதும் உள்ளத்தைத் தாழிடாமல் இருக்க முடியும். விவேகம் வழிமுறையை மாற்றிக்கொள்கிறது. அச்சமோ கடமையையே கைவிடச் செய்கிறது. நம்மிடம் செயல்படுவது இவ்விரண்டில் எது என்பதைக் கண்டறிவதே சாதனை.

சாதனைக்கு

உணவளிப்பவர் மனத்தில் கொள்ள வேண்டியவை: வீட்டார் உண்பதையே விருந்தினருக்கும் அளியுங்கள்; ஆடம்பரம் அவரை விலக்கி நிறுத்தும். அவருக்கு ஆகாத உணவு எது என்று கேளுங்கள், சாதியைக் கேட்காதீர்கள். சமைப்பவரின் சம்மதத்தை முதலில் பெறுங்கள். முகம் திரிந்தால் விருந்தினர் வாடிவிடுவார் என்று வள்ளுவர் காட்டும் நுட்பத்தை மறவாதீர்கள்.

உண்பவர் மனத்தில் கொள்ள வேண்டியவை: குறித்த நேரத்திற்குச் செல்லுங்கள், இயலாவிட்டால் முன்னரே தெரிவியுங்கள். உங்கள் பதவியையும் குலப் பெருமையையும் வாசலிலேயே விட்டுவிடுங்கள். உணவைக் குறை கூறாதீர்கள், வீணாக்காதீர்கள். கட்டணம் செலுத்தினாலும், நீங்கள் விலைக்கு வாங்கியது அரிசியையும் காய்களையும் ஓரளவு உழைப்பையும் மட்டுமே. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்ற அன்புச் சொல்லுக்கு விலை இல்லை, அது பிரசாதம்.

அன்பர்களே, நம் வீதிகளில் இன்றும் பரிவிராஜகர்கள் உலவுகின்றனர். அயல் மாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த தொழிலாளி, தேர்வெழுத வந்து விடுதி கிடைக்காமல் நிற்கும் மாணவன், மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக வந்து வராந்தாவில் படுத்திருக்கும் முதியவள் ஆகியோர் காவி உடுத்தவில்லை. தத்துவம் பேசவும் இல்லை. ஆனால் இவர்கள் எந்த நாள் வருவார்கள் என்பது குறிக்கப்படவில்லை. கைம்மாறு செய்யவும் இவர்களால் இயலாது. சாஸ்திரம் கூறும் அதிதி இலக்கணம் இவர்களுக்குத்தான் முழுமையாகப் பொருந்துகிறது. இந்த மாதத்தில் ஒரு வேளையேனும் இவர்களுள் ஒருவருக்கு நம் வீட்டு உணவை நம் கையால் பரிமாறுவோம். அந்த ஏழைத் தொழிலாளி சுவாமிஜியின் களைத்த முகத்தில் கண்ட பசியை, நம் வாசலுக்கு வருபவரின் முகத்தில் காணும் கண்ணை அன்னை நமக்கு அருள்வாராக!